தரிசு என்று யார் சொன்னது?

கல்வராயன் மலைக்கு நண்பர்கள் அருவி பார்க்கப் போவார்கள். நான் ஆவணியில் போவது கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரத்தில் கிடக்கும் மேய்ச்சல் நிலத்துக்கு. "அங்க என்னடா இருக்கு, வெறும் பொட்டல்!" குனிந்து பார்க்க வேண்டும். நெருஞ்சிக்கு நெருஞ்சி, ஒரு சாண் உயரத்தில், விரல்நகம் அளவுக்கு நீலப் பட்டாம்பூச்சிகள். சிறகை விரித்தால் நீலம், மூடினால் காய்ந்த புல்லின் சாம்பல் நிறம். ஆங்கிலத்தில் கிராஸ் ப்ளூ. இவற்றின் புழுக்களுக்கு நெருஞ்சி, குப்பைக்கீரை, புளியாரை வேண்டும். புழு சுரக்கும் இனிப்புக்காகக் காவல் நிற்கும் எறும்புகளும் வேண்டும். இதற்கெல்லாம் வெயில் படும் குட்டைப் புல்தான் வீடு.

மூன்று வருடம் முன்பு இதே நிலத்தில் நானும் குழி தோண்டினேன். அலுவலகத்தின் மரம் நடும் விழா. நெருஞ்சியைக் களை என்று பிடுங்கினோம், முள்கம்பி வேலி போட்டோம். "வேலி போட்டுட்டா ஆட்ட எங்க தம்பி ஓட்றது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நாங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம்.

போன ஆவணியில் வேலிக்குள் போய்ப் பார்த்தேன். கன்றுகளில் பாதி காய்ந்திருந்தன. புல் முழங்கால் உயரம். ஒரு நீலம்கூட இல்லை. வெளியே, ஆடு மேய்ந்த தரையில், பத்து நிமிடத்தில் பதினொன்று எண்ணினேன்.

ஒரு காலையின் எண்ணிக்கை ஆய்வாகாது. ஆனால் இந்தக் கதை ஏற்கெனவே நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 'லார்ஜ் ப்ளூ' என்ற நீலப் பட்டாம்பூச்சியைப் பிடித்துச் சேகரிப்பவர்களிடமிருந்து காப்பாற்ற வேலி போட்டார்கள். வேலி ஆடுமாடுகளையும் தடுத்தது. 1950களில் நோய் வந்து முயல்களும் செத்தன. புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, அதன் புழுவை வளர்க்கும் எறும்பினம் போய்விட்டது. 1979இல் பட்டாம்பூச்சியும் போனது. காரணத்தைக் கண்டுபிடித்து, மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, ஸ்வீடனிலிருந்து எடுத்துவந்துதான் மீட்டார்கள். நமக்கு எங்கிருந்து எடுத்துவருவார்கள்?

தவறு பெயரில் தொடங்குகிறது. அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு புதர்நிலத்தையும் தரிசுக் கணக்கில் சேர்க்கிறது. டேட்டாபேஸில் ஒரு பத்திக்குத் தப்பான பெயர் வைத்தால், அதை நம்பி எழுதும் எல்லா நிரலும் தப்பாகும். 'தரிசு' என்று எழுதியாயிற்று. அப்புறம் கன்றோடு வருகிறவனுக்கு என்ன தயக்கம்?

"அப்ப மரமே நடக்கூடாதா?" நடலாம். ஏரிக்கரையில், சாலையோரத்தில், வெட்டி அழித்த காட்டில். 2019இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தோம். அது காட்டில் வாழ்வது. சந்தோஷம். புல்லில் வாழ்பவற்றுக்கு அறிவிப்பு எதுவும் வேண்டாம். கடப்பாரையோடு போகாமலிருந்தால் போதும்.

பெரியவருக்கான பதில் இன்னும் என்னிடம் இல்லை. அந்த வேலியைப் பிரிக்கச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.