வீட்டுத் தோட்டம்: சோறு வேறு, மருந்து வேறு

எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரு வரிசை குண்டுமல்லி இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் அது பூப்பதையே மறந்துவிட்டாற்போல் நின்றது. கடையில் கடற்பாசிச் சாறு ஒரு புட்டி வாங்கி வந்து, நீரில் கலந்து, மாணவர்களைக் கொண்டு தெளிக்கச் செய்தேன். சில வாரங்களில் பக்கக் கிளைகள் தளிர்த்தன, மொட்டுகளும் கண்டன. அந்த உற்சாகத்தில், இனி எரு எதற்கு என்று தொழுவுரம் இடுவதை நிறுத்திவிட்டேன். அடுத்த கோடையில் இலைகள் வெளுத்தன, பூவும் அருகிவிட்டது. குற்றம் புட்டியினுடையதன்று, வாத்தியாராகிய என்னுடையது.

கடற்பாசிச் சாறு செடிக்கு உணவு அன்று. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் மிகச் சொற்பம். அதன் மகிமை வேறிடத்தில் உள்ளது. சைட்டோகினின், ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருள்கள் அதில் அணுவளவில் அடங்கியுள்ளன. அவை வேரை ஓடச் செய்யும். கிளையைப் பிரியச் செய்யும். இலை விரைவில் முதுமை அடையாமல் காக்கும். ஜீரண மருந்து பசியைத் தூண்டலாம். ஆனால் இலையில் சோறு இல்லாவிடில் மருந்து யாது செய்யும்?

அயர்லாந்து, ஸ்காத்லாந்துக் கடலோர உழவர்கள் நெடுங்காலமாகப் பாசியை வயலில் பரப்பி வந்தனர். அதைத் திரவமாக்கிப் புட்டியில் அடைக்கும் முறை 1940-களின் பிற்பகுதியில்தான் இங்கிலாந்தில் உருவாயிற்று. நம் நாட்டிலும், 1954-ல் பவநகரில் தோன்றிய மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், கப்பாபைகஸ் என்னும் பாசியைப் பச்சையாகவே பிழிந்து சாறெடுக்கும் வழி கண்டனர். எஞ்சும் சக்கையும் வீணாவதில்லை. உணவுப் பண்டங்களைக் கெட்டிப்படுத்தும் காராகீனன் அதிலிருந்து கிடைக்கிறது.

இனி, செய்முறை. கார்த்திகைக் கடைசியில் மல்லிகையைக் கவாத்துச் செய்து, தொழுவுரம் இடுங்கள். தளிர் விட்டதும், ஒரு லிட்டர் நீருக்கு 3 முதல் 5 மில்லி சாறு கலந்து, இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். புட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே கொள்க. காலையோ மாலையோ ஏற்றது. உச்சி வெயில் ஆகாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். அதிகம் விட்டால் அதிகம் பூக்கும் என்று எண்ண வேண்டாம். வளர்ச்சிப் பொருள் மிகுந்தால் வளர்ச்சியே தடைப்படும்.

அளவைப் பேணுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மண்டபம், பாம்பன் கரையோரப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாறைப் பாசியைப் பறிப்பவர்கள். அங்கே மூங்கில் தெப்பங்களில் கப்பாபைகஸ் வளர்ப்பவர்களிலும் பெண்கள் அநேகர். அவர்கள் உப்பு நீரில் நின்று தேடிய பொருளை, நாம் அளவறியாது மண்ணில் கொட்டி வீணாக்குவது முறையாகாது.

எங்கள் மல்லிகைக்கு இப்போது எருவும் உண்டு, சாறும் உண்டு. இவ்வருஷம் கோடையில், வகுப்பு தொடங்குமுன் மாணவிகள் பூப்பறிக்க வரிசையில் நிற்கும்படி ஆயிற்று.