மைதானத்தை அளக்காமல் மைக் செட்டா?



எங்கள் ஊர்த் திருவிழாவின் நிறைவு நாளில் பள்ளி மைதானத்தில் பட்டிமன்றமும் இன்னிசைக் கச்சேரியும் நடந்தன. மேடையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் பாக்ஸ்களைத் தரையிலேயே அடுக்கியிருந்தார்கள். முன்னால் பாயில் உட்கார்ந்த குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வாசல் பக்கம் நின்றவர்களுக்கோ இரைச்சல்தான் வந்தது. பேச்சு ஒன்றும் புரியவில்லை. "சவுண்டு பத்தல" என்று பின்னாலிருந்து குரல் எழ, மிக்ஸரில் இருந்தவர் இன்னும் ஏற்றினார். மைக் ஊளையிட்டது.

மைக் செட்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எத்தனை பாக்ஸ், எத்தனை ஆயிரம் வாட்ஸ் என்பதில்தான் விழாக்குழுக்களுக்குள் போட்டி. இடம் எவ்வளவு நீளம், கூட்டம் எதுவரை நிற்கும், பேச்சா பாட்டா என்று கேட்பவர்கள் அபூர்வம்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சாதாரண பாக்ஸின் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 5 மீட்டரில் 110 டெசிபல் என்றால் 80 மீட்டரில் 86தான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல். கடைசி வரிசைக்காக ஏற்ற ஏற்ற, அடி வாங்குவது முன்வரிசைக் காதுகள். இத்தகைய நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்துவிட்டது.

பாக்ஸை உயரத்தில் கட்டிக் கூட்டத்தை நோக்கிச் சாய்க்கலாம். மைதானத்தின் நடுவே கம்பம் நட்டு, இரண்டு சிறிய பாக்ஸ்களைப் பின்பக்கம் பார்த்து வைக்கலாம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். ஆகவே 35 மீட்டர் தள்ளி நிற்கும் பாக்ஸுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். பட்டிமன்றத்துக்குப் பேஸ் பாக்ஸே வேண்டாம். சுவரையும் கதவையும் தாண்டி, படுத்திருக்கும் நோயாளியின் கட்டில்வரை போவது அந்தப் பேஸ்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி கட்டாயம். பகலில் 55 டெசிபல் வரம்புள்ள குடியிருப்புப் பகுதியில், நிகழ்ச்சி நடக்கும் பொது இடத்தின் எல்லையில் சத்தம் 65-ஐத் தாண்டக்கூடாது. ஆனால் எங்கள் விழாவில் அதை அளக்க ஒருவரும் மீட்டரோடு வரவில்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அனுமதி மனுவோடு மைதானத்தின் அளவு, எதிர்பார்க்கும் கூட்டம், பாக்ஸ் நிற்கும் இடம் ஆகியவற்றைக் காட்டும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். விழா அன்று மைதான எல்லையில் மீட்டர் வைத்து அளக்க ஓர் ஆளை அனுப்புங்கள். அடுத்த திருவிழாவுக்குக் கொடியேறும் முன் இதற்கு உத்தரவு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்