காற்று திசைமாறும் வேளை

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஓகஸ்ட் திருவிழா நிறைவெய்திவிட்டது. இனம், மொழி, சமயம் என்னும் வேற்றுமை பாராது வந்து, ஆலய வளவிலே கூடாரமடித்துத் தங்கிய யாத்திரிகர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டனர். எஞ்சியிருப்போர் கற்பிட்டிக் குடாநாட்டின் மணலையும் கடலையும் நம்பி வாழும் மக்களே. வைகாசி தொட்டு ஓயாது வீசிய சோளகம் தளரத் தொடங்குகின்றது. வெயிலின் கடுமையோ இன்னும் தணிந்தபாடில்லை. ஐப்பசி பிறந்தால் மாலை இடியும் மழையும் வரும். கார்த்திகை கழிந்தால் வாடை வரும். அதன்பின் இரவுகள் குளிரும். இது எம்முன்னோர் கண்டறிந்து கைக்கொண்ட பருவக்கணக்கு. வளிமண்டலவியல் திணைக்களம் வகுத்துள்ள நான்கு பருவங்களும் இதனோடு ஒத்தே நிற்கின்றன.

தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புக்கும் இரத்தினபுரிக்கும் மழையைக் கொடுத்துவிட்டுப் புத்தளத்துக்குக் காற்றை மட்டுமே விட்டுவைக்கின்றது. ஆதலால் ஒக்டோபர், நவம்பர் ஆகிய இரு மாதங்களின் மழையே இம்மாவட்டத்துக்கு உயிர்நாடி. கற்பிட்டியின் மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும் நன்னீர், இம்மழையாலேயே நிரம்புகின்றது. வெங்காயமும் மிளகாயும் செய்யும் கமக்காரன் இறைப்பது அந்நீரையே. மழை குன்றி இறைப்பு மிகுந்தால் கிணறு உவர்க்கும். மழை மிகுந்தாலோ, அதற்கு முதல்நாள் இட்ட உரம் மணலினூடே இறங்கி, குடிக்கும் கிணற்றையே சேரும்.

கடற்றொழிலாளனுக்கு இதே பருவம் வாயில் திறக்கும் பருவமாகும். கொந்தளித்த மேலைக்கடல் அடங்க, கரைவலை மீண்டும் இறங்கும். உப்பளத்தானுக்கோ இது வாயில் மூடும் பருவம். 2024ஆம் ஆண்டின் இறுதியிலே பெய்த மழையால் உப்பு விளைச்சல் குன்றிப்போக, நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாடு 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்ய நேர்ந்ததை எவரும் மறந்திரார். ஒரே மழை ஒருவனுக்கு வாழ்வு, மற்றொருவனுக்கு நட்டம். எனவே அம்மழை எப்பொழுது வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டி அறிதல் ஆடம்பரமன்று; பிழைப்புக்கு வேண்டிய முதலாகும்.

அவ்வறிவு இல்லாமலும் இல்லை. 2010ஆம் ஆண்டு முதல் தென்னாசிய நாடுகளின் வானிலையாளர் ஒன்றுகூடி, வரவிருக்கும் பருவத்தைப் பற்றிய பொது முன்னோக்கை வெளியிட்டு வருகின்றனர். எமது திணைக்களமும் தன் கணிப்பை வெளியிடுகின்றது. ஆயினும் இம்முன்னோக்கு சோதிடமன்று என்பதை வாசகர் உணர்தல் வேண்டும். மழை வழமையிலும் மிகுமா, வழமையை ஒக்குமா, குன்றுமா என்னும் மூன்றில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்பதையே அது கூறும். பசிபிக் மாகடல் வழமைக்கு மேல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் எமது ஒக்டோபர், நவம்பர் மழை மிகுவதும், அது குளிரும் லா நினா ஆண்டுகளில் குன்றுவதும் பொதுவான போக்கு. ஆனால் 2025இன் பிற்பகுதி லா நினாக் காலமாகவே இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் திகதி கரையைக் கடந்த தித்வாப் புயலோ 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. புத்தளம் மாவட்டமும் வெள்ளத்துக்குத் தப்பவில்லை. ஆகவே பருவ முன்னோக்கு கமக்காரனின் திட்டத்துக்கு உதவும். உயிரைக் காப்பது அன்றன்றைய எச்சரிக்கையே. இரண்டும் வேண்டும்.

அவ்வெச்சரிக்கை எம்மொழியில் வந்ததா? தித்வாப் புயலின்போது, மணிக்கு மணி மாறிய அறிவித்தல்கள் தமிழில் உரிய வேளையில் கிட்டவில்லை என்ற முறைப்பாடு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் எழுந்தது. அரசாங்கம் தமிழில் எதையுமே வெளியிடுவதில்லை என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது நேர்மையுமன்று. அமைதியான நாளிலே மும்மொழியிலும் வரும் அறிக்கை, ஆபத்தான இரவிலே ஒருமொழியாகச் சுருங்கிவிடுகின்றது என்பதே எமது குற்றச்சாட்டு. ஆறு மணித்தியாலம் பிந்தி வரும் மொழிபெயர்ப்பு எச்சரிக்கையாகாது. அது நடந்து முடிந்ததன் செய்தியே ஆகும்.

இது சலுகை கோரும் விடயமன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒரு பிரசை அரச அலுவலரிடமிருந்து தமிழில் தொடர்புகளைப் பெற உரித்துடையவன். அதாவது, யாழ்ப்பாணத்தானுக்கு மட்டுமன்றி, வடமேல் மாகாணத்திலுள்ள தலவில மீனவனுக்கும் அவ்வுரிமை உண்டு. பிறப்புச் சான்றிதழுக்கு உள்ள மொழியுரிமை புயல் எச்சரிக்கைக்கு இல்லை என்று எந்த நீதிமன்றில், எந்த வழக்கறிஞர் வாதிட முன்வருவார்?

மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்பது வழமையான விடை. அதை ஏற்க இயலாது. புயல் எச்சரிக்கை ஒரு காவியமன்று. காற்றின் வேகம், அலையின் உயரம், திசை, நேரம், செல்லவேண்டிய இடம் ஆகியவற்றைச் சொல்லும் சில பத்து வாக்கியங்களே அதில் திரும்பத் திரும்ப வருவன. அவற்றைக் கோடையிலேயே தமிழில் எழுதி, சரிபார்த்து, ஆயத்தமாக வைத்திருந்தால், இரவிலே இலக்கங்களையும் ஊர்ப்பெயர்களையும் மாற்றுவது ஒன்றே வேலை. இதற்கு வேண்டியது பணமன்று, மனமே.

பருவத்தை மதிக்க அரசுக்குத் தெரியாதா? தலவிலவுக்குத் தெற்கே நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் நிற்கின்றது. அதற்குரிய நிலக்கரியைத் தென்மேற்குப் பருவத்துக் கொந்தளிப்பில் இறக்க முடியாது. எனவே கடல் அடங்கும் செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரையிலேயே கப்பல்களை வரவழைக்கின்றனர். நிலக்கரிக்காகக் கடலின் குணத்தைக் கணக்கிட்டு நாட்குறிக்கும் அரசு, அதே கடலில் வள்ளம் தள்ளும் மனிதனுக்காக அவன் மொழியில் நான்கு வரி எழுதத் தயங்குவதேன்?

இன்னொன்றையும் இங்கு நினைவூட்டுதல் எமது கடன். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்தது இப்புத்தளத்திலேயே. அதுவும் மாரி தொடங்கிய வேளையிலே. தமிழ் மொழியுரிமை என்று நாம் பேசும்பொழுது, தமிழ் பேசும் அம்மக்களுக்கும் அது சமமாகவே உரியது. அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறந்துவிட்டு எமக்கு நீதி கேட்பது பொருந்தாது.

ஆதலால் நாம் கேட்பது மூன்று. ஒக்டோபருக்கு முன்னரே தமிழ் எச்சரிக்கை வாசகங்கள் ஆயத்தமாதல் வேண்டும். மூன்று மொழிகளிலும் அறிவித்தல் ஒரே நேரத்தில் வெளிவருதல் வேண்டும். பருவ முன்னோக்கு கமநல சேவை நிலையத்திலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் தமிழில் ஒட்டப்படுதல் வேண்டும். இவை மறுக்கப்படின், அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் முறையிடுவது படித்தவர்களின் பொறுப்பு. மேடையிலே முழங்கிவிட்டு மனு எழுத மறப்பது எம்மிடையே வேரூன்றிய பழக்கம். அதை இம்மாரியோடு விடுவோம்.

எம்மக்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பெருமழை அறிவிக்கப்பட்ட நாளில் உரமிடுவதைக் கமக்காரர் ஒத்திவைப்பாராக. கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டபின் ஒருநாட் பாட்டை நினைத்து வள்ளம் தள்ளாதிருப்பாராக. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் தம் ஒலிபெருக்கிகளை எச்சரிக்கைக்குத் திறந்துவிடட்டும். 1964 டிசெம்பரில் மன்னாரையும் தனுஷ்கோடியையும் தாக்கிய புயலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலும் இதே மாரியில் வந்தவையே. காற்று திசைமாறுவதைத் தடுக்க எந்த அரசாலும் ஆகாது. அது மாறுகின்றது என்று உரிய வேளையில், உரிய மொழியில் சொல்வது எந்த அரசாலும் ஆகும். அதையே கேட்கின்றோம்; பெறும்வரை கேட்போம்.