மீன்தொட்டி விளக்கும் மின்கட்டணமும்



மீன்தொட்டி வைத்தால் கரண்ட் பில் எகிறும் என்பவர்கள் முதலில் கை காட்டுவது அதன் விளக்கைத்தான். கணக்குப் போட்டால் பழி பாதிதான் பொருந்தும். 20 வாட் எல்.இ.டி. விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 9.6 யூனிட். பழைய 40 வாட் டியூப்லைட் என்றால், சோக்கின் இழுப்பைச் சேர்க்காமலே 19 யூனிட்டைத் தாண்டும். ஆனால் இரவும் பகலும் ஓடும் 15 வாட் ஃபில்டர் மோட்டார் 21.6 யூனிட் எடுக்கிறது. அதை யாரும் திட்டுவதில்லை. (நிறுத்தவும் கூடாது, தண்ணீர் கெட்டு மீன் சாகும்.)

பத்து யூனிட் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். மொத்தமே இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்குப் பொருட்டே இல்லை. 500ஐ ஒட்டி நிற்கும் வீட்டில் கதை வேறு. 2022 செப்டம்பர் கட்டணத் திருத்தப்படி, 500க்குள் இருந்தால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு யூனிட் ரூ.2.25, ஒன்று தாண்டினாலும் அதே நூறுக்கு ரூ.4.50 என்று இருந்தது. அந்த வகையில் மட்டும் அப்போது 225 ரூபாய் கூடுதலானது. தொட்டிக்குள் செடி வளர்ப்போர் நெடுநேரம் வெளிச்சம் வேண்டும் என்பார்கள். பெரும்பாலான செடிகளுக்கு 8 மணி நேரமே போதும். மிஞ்சினால் கண்ணாடியில் பச்சைப் பாசி படியும், பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டியதுதான். சேலம், நாமக்கல் வெயிலுக்கு ஹீட்டரும் ஆண்டின் பெரும்பகுதி வேண்டாம். தொட்டி விற்கும் கடைக்காரர்கள் விளக்கு, மோட்டார் இரண்டின் வாட் அளவையும் விலையோடு எழுதி ஒட்டட்டும்.

– வாசகர், ராசிபுரம்