உருவியெடுத்த பாடங்கள்

தலைமைப் பண்பையும் தன்முன்னேற்றத்தையும் கற்றுத்தரும் புத்தகங்களில், சாணக்கியர் பெயரைத் தாங்கியவை இன்று தனி வரிசையாகவே நிற்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு மூலமான நூல் நவீன காலத்தில் வெளிச்சத்துக்கு வந்தது நம் மைசூருவில்தான். தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றை இங்கிருந்த அரசு கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். காணாமற்போனதாகக் கருதப்பட்ட அர்த்தசாஸ்திரமே அது என்று நூலகர் ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தார். 1905 முதல் பகுதி பகுதியாக மொழிபெயர்த்தார். 1909-இல் மூலமும் 1915-இல் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் நூலாக வந்தன. தஞ்சையிலிருந்து வந்த சுவடி மைசூருவில் அச்சேறியது என்பதில் பெருமை கொள்ளும் நாம், அது இன்று எப்படி வாசிக்கப்படுகிறது என்றும் கேட்டாக வேண்டும். ஒரு மனிதன் மேலே ஏறுவதற்கான உத்திகளாக அதிலிருந்து பாடங்கள் உருவப்படுகின்றன. ஆனால் மேலே இருப்பவனைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்பதும் அந்நூலின் தலையாய கவலை. அதை விட்டுவிட்டுக் கற்கும் தலைமை, தலைமையே அல்ல.

நேர மேலாண்மையையே எடுத்துக்கொள்வோம். நூலின் முதல் அதிகரணத்தின் (பகுதியின்) 19ஆம் அத்தியாயம் அரசனின் பகலை எட்டுக் கூறாகவும் இரவை எட்டுக் கூறாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைச் சொல்கிறது. முதல் கூற்றில் காவலும் வரவு செலவும். இரண்டாம் கூற்றில் நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் கொண்டுவரும் காரியங்கள். உறக்கத்துக்குக் கிடைப்பது கொஞ்ச நேரமே. அதிகாலையில் எழச் சொல்வோருக்குத் தோதான பட்டியல்தான். ஆனால் பட்டியல் முடிந்ததுமே, அவரவர் ஆற்றலுக்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது நூல். மாற்றக் கூடாததாக அது வற்புறுத்துவது வேறொன்றை: முறையிட வந்தவனை வாசலில் காக்கவைக்கக் கூடாது. எளிதில் காண முடியாத அரசனைச் சுற்றியிருப்பவர்கள் செய்யத் தகாததைச் செய்யவைப்பார்கள். குடிகள் வெறுப்பார்கள், அல்லது அவன் பகைவன் கையில் விழுவான். இன்னும் முன்னே, ஏழாம் அத்தியாயத்தில், தன்னைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஆசான்களையோ அமைச்சர்களையோ அரசனே நியமித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அவன் தனிமையில் தவறும்போது நாழிகையைச் சுட்டிக்காட்டி, அதையே தாற்றுக்கோலாக்கி அவர்கள் குத்த வேண்டுமாம். இங்கே நேரக் கணக்கு அரசனின் சாதனைக் கருவி மட்டுமல்ல. அவனைக் கேள்வி கேட்பவர் கையில் இருக்கும் ஆயுதமும்கூட. புலனடக்கத்தைச் சொன்ன கையோடு இந்த ஏற்பாட்டையும் நூல் சொல்லிவிடுகிறது. தனிமனித உறுதியை மட்டும் அது நம்பவில்லை. திருக்குறளிலும் குற்றங்கடிதலை அடுத்து வருவது பெரியாரைத் துணைக்கோடல்தான்.

வேலைக்குப் போகும் இளைஞருக்குப் பதினைந்து அதிகரணங்களைப் படிக்க ஏது நேரம், வழிகாட்ட ஆளில்லாதவருக்குச் சிறு புத்தகம் தரும் தைரியத்தை ஏன் பறிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிறு நகரத்திலிருந்து தனியாகக் கிளம்பிவரும் ஒருவருக்கு அந்தத் தைரியம் பெரிய பொருள். சுருக்குவதில் குற்றமில்லை, திசையை மாற்றுவதில்தான் குற்றம். ஊழியர் அரசர் இல்லையே என்பது அடுத்த வாதம். தனக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்தாலே ஒருவருக்கு வாசல் என்று ஒன்று வந்துவிடுகிறது. அதைத் திறந்து வைப்பதா மூடுவதா என்பது அன்றாடக் கேள்வி. இவற்றினும் வலிய மறுப்பு ஒன்று உண்டு: ஒற்றரையும் நஞ்சையும் சூழ்ச்சியையும் பேசும் நூல், வருணத்துக்கு ஏற்பத் தண்டனையைக் கூட்டிக் குறைக்கும் நூல், நமக்கு எப்படி ஆசானாகும்? ஆசானாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதை முழுதாகப் படித்தவருக்கே இந்த அநீதியும் கண்ணில் படும். உருவியெடுத்த பொன்மொழிகள் நல்லதன் ஆழத்தை மறைப்பதுபோலவே தீயதன் கொடுமையையும் மறைத்துவிடுகின்றன.

தலைமையைக் கட்டுப்படுத்துவது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு இந்த ஊரின் வரலாறே சான்று. சாமசாஸ்திரியின் மொழிபெயர்ப்பு வெளிவரத் தொடங்குவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1881-இல், மதராஸ் மாகாணப் பணியிலிருந்து வந்த திவான் ரங்காச்சார்லுவின் காலத்தில் மைசூர் பிரதிநிதிகள் சபை கூடியது. தசராவையொட்டி ஊர்ப் பிரதிநிதிகளை வரவழைத்து, ஆண்டின் வரவு செலவைத் திவான் அவர்கள் முன் வைத்தார். அவர்கள் குறைகளைச் சொன்னார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை. உறுப்பினர்களும் பெரும்பாலும் நிலமும் வணிகமும் உடையவர்கள். குறை பெரிதுதான். ஆனாலும் ஆள்பவர் ஆண்டுதோறும் நின்று பதில் சொல்ல ஓர் இடம் உண்டானது. சமஸ்தானம் பெற்ற நற்பெயரில் அதற்கும் பங்குண்டு.

இன்று மாநில அரசின் நிர்வாகப் பயிற்சி நிறுவனமும் இன்போசிஸின் பயிற்சி வளாகமும் இதே ஊரில் இருக்கின்றன. நாளைய அதிகாரிகளும் மேலாளர்களும் இங்கே உருவாகிறார்கள். அவர்களுக்கும், நம் வாசக நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அர்த்தசாஸ்திரத்தின் முதல் அதிகரணத்தையாவது முழுதாகப் படியுங்கள். தமிழில் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. படித்து முடித்ததும், உங்கள் தவறை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லும் உரிமையை யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால், எத்தனை தன்முன்னேற்ற நூல்களைப் படித்தும் பயனில்லை.