துணிச்சல் வேறு, தேர்ச்சி வேறு

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். குதிரைப் பந்தயம் ஒருபுறம், மலர்க்கண்காட்சி ஒருபுறம். இவற்றோடு மோட்டார்ப் பந்தயங்களும் உண்டு. மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1930களிலிருந்தே பெயர் பெற்றது. அண்மைக்காலத்தில் இந்த வரிசையில் மலைநாட்டு இளைஞர்களின் கண்ணைக் கவர்ந்திருப்பது குவாட் பைக். நான்கு பருத்த சக்கரங்கள், மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதுபோன்ற கைப்பிடி, குதிரைமேல் அமர்வதுபோல் கால்பரப்பி உட்காரும் இருக்கை. அதை மண்மேட்டில் ஏற்றி அந்தரத்தில் பறக்கவிடுவதே இன்றைய ஆசை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்த விளையாட்டுக்கு நான் எதிரியல்லன். "நெஞ்சில் துணிவிருந்தால் போதும், வண்டி தானாகப் பாயும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத்தான் எதிரி.

"நான்கு சக்கரம் இருக்கிறது, எப்படி விழும்?" என்று கேட்கிறார்கள். விழும் என்பது மட்டுமல்ல, விழுந்தவன் மேலேயே விழும். பந்தய ரக வண்டியே ஏறத்தாழ 180 கிலோ எடை கொண்டது. தோட்ட வேலைக்கென்று செய்யப்பட்டவை அதைவிடக் கனமானவை. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து கொடுக்கும், இது சாயாது. ஓட்டுபவன்தான் தன் உடலைச் சாய்த்துச் சமன் செய்ய வேண்டும். அந்தரத்திலிருந்து ஒரு பக்கச் சக்கரம் மட்டும் முதலில் தரையைத் தொட்டால் வண்டி புரண்டுவிடும்.

பாய்வது ஒரு கலை. படிப்படியாகக் கற்க வேண்டியது. முதற்பாடம் பறப்பதன்று, நடப்பது. மேட்டின் மறுபுறம் என்ன இருக்கிறது என்பதைக் காலால் நடந்து கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்து, முழங்கால் உயரம்கூட இல்லாத மேட்டில் சக்கரம் தரையை விட்டு எழாமல் ஏறி இறங்கப் பழக வேண்டும். அதன்பிறகே, உச்சி மேசைபோல் தட்டையாக உள்ள மேடு. அங்கே தூரம் போதாமல் போனாலும் தட்டைத் தரையில்தான் இறங்குவான். இரு மேடுகளுக்கு நடுவே பள்ளம் உள்ள இடத்தில் அந்த மன்னிப்புக் கிடையாது.

ஏறும்போது இருக்கையில் உட்காரக் கூடாது. கால்தாங்கிகளில் எழுந்து நின்று முழங்காலையும் முழங்கையையும் சற்றே மடித்திருக்க வேண்டும். வண்டி நேராகச் செல்ல வேண்டும். எஞ்சின் வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். உச்சியை எட்டியதும் பயந்து விசையைக் கைவிட்டால் முன்பக்கம் கவிழும். வெறிகொண்டு முறுக்கினால் முன்பக்கம் எகிறும். அந்தரத்தில்கூடத் திருத்தம் செய்யலாம்: மூக்கு உயர்ந்தால் பிரேக்கை மெல்லத் தொடுவது, தாழ்ந்தால் விசையைச் சற்றே கூட்டுவது. இறங்கும்போது பின்சக்கரங்கள் ஒரு கணம் முந்தலாம், அல்லது நான்கும் ஒன்றாகத் தொடலாம். இவையெல்லாம் யாரும் பிறக்கும்போதே கொண்டுவருபவை அல்ல. நூறு முறை செய்த பழக்கத்தில் வருவதற்குத்தான் தன்னம்பிக்கை என்று பெயர். பழக்கமில்லாமல் வருவது குருட்டுத் துணிச்சல்.

இதில் நுவரெலியாவுக்கென்றே சில பாடங்கள் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். காற்று அடர்த்தி குறைவு. கொழும்பில் ஓட்டிப் பழகிய காபரேட்டர் வண்டி அங்கே அதே வலுவைத் தராது. தாண்டிவிடுவோம் என்று கணக்கிட்ட தூரத்தைத் தாண்டாது. தூறல் விழுந்தால் மண் வழுக்கும். தேயிலை மலையில் நிரைகளுக்கிடையே வெட்டிய கான்கள் செடி மறைவில் கண்ணுக்கே தெரியா. இவற்றைச் சொல்லித்தர ஆசிரியன் வேண்டாமா?

பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சவாரித் திடலில் நான் கண்டது இது. வந்திறங்கிய பயணிக்குத் தலைக்கவசம் கொடுத்தார்கள், விசை எது, பிரேக் எது என்று காட்டினார்கள், பாடம் முடிந்தது. பக்கத்திலேயே ஓடிச்சென்று, சரிந்த வண்டியை நிமிர்த்தியவன் தோட்டத்துப் பையன். அவன் தலையில் கவசமில்லை. காப்புறுதி உண்டா என்று கேட்டேன், சிரித்தான். அந்த மண்ணின் ஒவ்வொரு வளைவும் அறிந்தவன் அவன். ஆசிரியனாக வேண்டியவனைக் கூலியாளாக நிறுத்தியிருக்கிறோம். மாலையில் பயணிகள் போனபின், எவரும் பாராத வேளையில், அவனும் அந்த வண்டியில் பாய்ந்து பார்க்கிறான். அவனுக்கு ஆசிரியர் கைத்தொலைபேசியில் பார்த்த காணொளி.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் நடந்ததை மறந்துவிட்டோமா? இராணுவமும் இலங்கை மோட்டார் விளையாட்டு அமைப்பும் சேர்ந்து நடத்திய பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு உயிர்கள் போயின. ஓட்டுநர் கையில் கட்டுப்பாடு நழுவுவது எந்தப் பந்தயத்திலும் நடக்கக்கூடியது. அப்படி நழுவினால் வண்டி எங்கே போகும், அங்கே மனிதர் நிற்கலாமா என்று முன்கூட்டியே எண்ணுவதுதான் ஏற்பாடு. "விதி" என்று சொல்லி அதைக் கடந்துபோக எவருக்கும் உரிமையில்லை.

"அப்படியானால் தடை செய்துவிடலாமே" என்போருக்கும் என் பதில் இதுதான். தடை போட்டால் விளையாட்டு ஒழியாது; கண்மறைவான தோட்டத்துச் சாலைக்குப் போய்விடும். அமெரிக்காவில் 1988இல் அரசுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டில், எளிதில் கவிழ்ந்த மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. பெரியவர்களுக்கான வண்டி 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு இல்லை என்றாயிற்று. வாங்குபவருக்குப் பயிற்சி அளிக்கவும் உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். நான்கு சக்கர வண்டியை யாரும் ஒழிக்கவில்லை, கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். அங்கும் விபத்துகள் நின்றுவிடவில்லைதான். அதனால் பயிற்சி வீண் என்று ஆகிவிடாது. பயிற்சியைத் தட்டிக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் ஆகும்.

நான் கேட்பது பெரிதன்று. சவாரி நடத்துபவர் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தட்டும். அந்த ஒருவர் தோட்டத்து இளைஞராக இருக்கட்டும். அவருக்குச் சான்றிதழும் காப்புறுதியும் தலைக்கவசமும் கிடைக்கட்டும். 2024 செப்டெம்பரில் தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை நல்ல தலைக்கவசத்தைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஓட்டுபவன் விழுந்தால் எஞ்சினை உடனே நிறுத்தும் மணிக்கட்டுக் கயிறு எல்லா வண்டியிலும் இருக்கட்டும். மேட்டின் மறுபுறம், இறங்கும் தடத்துக்கு வெளியே, மஞ்சள் கொடியோடு ஒருவர் நிற்கட்டும்.

இதற்கு ஆகும் செலவு அதிகம் என்று முதலாளிமார் சொல்லக்கூடும். ஏழு சவப்பெட்டிகளைப் பார்த்த மலைநாடு இது. அந்தக் கணக்கை அவர்கள் அங்கே வந்து சொல்லட்டும்.