கந்தையும் கடதாசியும்

சென்ற விடுமுறையிலே, சுவிற்சர்லாந்து தேசத்தில் வாழும் என் தங்கையின் வீட்டில் மூன்று கிழமை தங்கியிருந்தேன். ஊர் திரும்பிய நாள் தொட்டு, "பனிமலை பார்த்தீர்களா? மணிக்கூடு வாங்கினீர்களா?" என்று வினவாதார் இல்லை. பனிமலை பார்த்தேன், மணிக்கூடு வாங்குமளவுக்கு ஆசிரியர் சம்பளம் இடந்தரவில்லை. அவற்றை எழுதுவோர் பலருளர். இக்கிழமை நேயர்களுக்கு நான் சொல்லப் புகுவது, பாசல் நகரிலே ஒரு பழைய நீராலையில் கழித்த ஒரு பிற்பகலைப் பற்றியாம்.

அங்கு என்னை அழைத்துச் சென்றவள் பத்து வயது நிரம்பிய என் மருமகள். "மாமா, உங்களுக்குக் கடதாசி செய்யத் தெரியுமா?" என்று கேட்டாள். "எனக்குக் கடதாசி திருத்தத்தான் தெரியும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பரீட்சைத் தாளைக் 'கடதாசி' என்று சொல்லும் எங்கள் வழக்கு அவளுக்குத் தெரியாது போலும்.

றைன் நதியை ஓர் ஓடத்தில் கடந்தோம். அவ்வோடத்துக்கு இயந்திரமும் இல்லை, துடுப்பும் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியொன்றிலே பிணைக்கப்பட்டு, நீரோட்டத்தின் விசையினாலேயே அக்கரை சேருகிறது. இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், பழைய கோட்டை மதிலின் ஒரு துண்டும், அதன் அருகே சலசலத்தோடும் ஒரு வாய்க்காலும், அவ்வாய்க்காலிலே சுழலும் ஒரு பெரிய மரச்சக்கரமும் காணலாம். அதுவே பாசல் கடதாசி ஆலை. 1980ஆம் ஆண்டு முதல் கடதாசிக்கும் எழுத்துக்கும் அச்சுக்கும் உரிய நூதனசாலையாக அது விளங்குகின்றது. நம் நாட்டு நூதனசாலைகளிலே முதலிற் கண்ணிற் படுவது 'தொடாதீர்' என்னும் பலகை. இங்கேயோ தொட்டுச் செய்து பார்ப்பதற்கென்றே அழைக்கின்றார்கள்.

அந்த வாய்க்கால் முற்காலத்திலே அங்கிருந்த மடத்துத் துறவிகள் வெட்டுவித்தது. அதன் கரையில் நின்றவை தானியம் அரைக்கும் ஆலைகள். அவற்றுட் சில கடதாசி ஆலைகளாக மாறியதற்குக் காரணம் ஒரு மாநாடு. 1431 முதல் 1448 வரை பாசலிலே கிறித்தவத் திருச்சபையின் பெருஞ்சங்கம் கூடியது. பதினேழு ஆண்டுகள் ஆயர்களும் அறிஞர்களும் கூடிப் பேசினால் எழுதாமல் இருப்பார்களா? கடிதமும் நிருபமும் பிரதியும் பெருகின. கடதாசிக்குத் தேவையும் பெருகியது. 1433இல் நகரின் முதற் கடதாசி ஆலை எழுந்தது. 1453இல் இத்தாலியின் வடபாலிருந்து வந்த அந்தோனி கலீசியன் என்பவர், நாங்கள் நின்ற இதே ஆலையிலே கடதாசித் தொழிலைத் தொடக்கினார். 1460இல் பல்கலைக்கழகம் தோன்றியது. பின்னர் அச்சுக்கூடங்கள் வந்தன. எரஸ்மஸ் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாடு 1516லும், மனித உடலின் அமைப்பை விளக்கிய வெசாலியசின் பெருநூல் 1543லும் இந்நகரிலேயே அச்சேறின. கல்விக்குப் பேர்போன நகரமெனப் பாசலைப் புகழ்வோர், இந்த வாய்க்காலையும் ஒரு முறை வந்து பார்த்தல் வேண்டும்.

இனி, கடதாசி எதிலிருந்து வந்தது? மரத்திலிருந்து என்று என் வகுப்புப் பிள்ளைகள் கூறுவர். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்த கதை. அதற்கு முன் ஐரோப்பாவிலே கடதாசி பெரும்பாலும் கந்தையிலிருந்தே செய்யப்பட்டது. உடுத்துக் கிழிந்த சணல் துணியையும் நார்ப்பட்டையும் வீடு வீடாகப் பொறுக்கி வருவதற்கென்றே ஒரு கூட்டத்தார் இருந்தனர். தம் நாட்டுக் கந்தை பிற நாட்டுக்குப் போகலாகாதென்று தடை விதித்த அரசுகளும் இருந்தன. பொறுக்கி வந்த கந்தையைத் தரம் பிரித்து, பொத்தானும் தையலும் நீக்கி, துண்டு துண்டாக வெட்டி, நனைத்துப் புழுங்கவிட்டு, பின் உலக்கையால் இடிப்பார்கள். அந்த உலக்கைகளை அங்கே கண்டேன். நெல் குத்தும் நம் உலக்கை நிமிர்ந்து நிற்பது. இவையோ நீண்ட பிடி கொண்ட சம்மட்டிகளைப் போன்றவை. தண்ணீர்ச் சக்கரம் சுழல, அதன் அச்சிலுள்ள பற்கள் ஒவ்வொன்றாய் அவற்றைத் தூக்கி விட, 'தொம் தொம்' என்று அவை இடிக்கும் ஓசை தரையின் வழியே காலில் ஏறியது. நாட்கணக்கில் இடித்த பின் துணி, துணியாயிராது நாராய்க் கரைந்து, பாற்கஞ்சி போலாகி விடும்.

தொழிற்கூடத்திலே வெண்ணிறக் கூழ் கலந்த ஒரு தொட்டி. அதன் பின்னே முதியவர் ஒருவர். அவர் ஜேர்மன் மொழியிற் சொல்ல, மருமகள் எனக்குத் தமிழ்ப்படுத்தினாள். கம்பிச் சல்லடை கட்டிய சட்டமொன்றை இரு கைகளாலும் பிடித்துத் தொட்டியிற் செங்குத்தாக இறக்கி, உள்ளே கிடையாக்கி, நீர் மட்டத்துக்கு மேலே ஒரே வீச்சில் தூக்க வேண்டும். தூக்கியதும் இடவலமாகவும் முன்பின்னாகவும் மெல்ல ஒரு குலுக்கு. அந்தக் குலுக்கிலேதான் நார்கள் ஒன்றையொன்று பின்னிக் கொள்கின்றன. நீர் வடிந்து விடும். நார் தங்கி விடும். பின்னர் மேற்சட்டத்தை நீக்கி, ஈரத் தாளைக் கம்பளித் துணி மீது கவிழ்த்துப் பதித்தல் வேண்டும். சொல்லும்போது எளிது. பழைய நாட்களிலே தொட்டியில் அள்ளுபவர் ஒருவர், கம்பளியிற் கவிழ்ப்பவர் ஒருவர், அழுத்திய பின் பிரித்தெடுப்பவர் ஒருவர் என மூவர் சேர்ந்து, விடியற்காலை முதல் ஈரத்தில் நின்று இதனைச் செய்தனர்.

மருமகளின் முதற்றாள் ஒருபுறம் தடித்து மறுபுறம் கிழிந்தது. அவள் முகம் வாடியது. முதியவர் ஒன்றும் சொல்லாது அந்தச் சல்லடையை வாங்கித் தொட்டியிலே கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். தாள் கரைந்து மீண்டும் கூழாகியது. "ஈரமாய் இருக்குமட்டும் ஒன்றும் வீண் போகாதாம், மாமா" என்று அவள் எனக்குச் சொன்னாள்.

அடுத்து என் முறை. சட்டத்தைத் தூக்கினேன். நீர் நிறைந்த சல்லடை அவ்வளவு பாரமாக இருக்குமென நான் எண்ணவில்லை. கை நடுங்கிற்று. என் விரலிலிருந்து ஒரு துளி, ஈரத் தாளின் நடுவிலே சொட்டியது. சொட்டிய இடத்தில் ஒரு சிறு வட்டக் குழி. முதியவர் அதைச் சுட்டிச் சிரித்தார். கையாற் கடதாசி செய்வோர்க்கெல்லாம் நேரும் பிழை அது. அத்தகைய வடுவைக் 'கடதாசி செய்வோர் கண்ணீர்' என்று ஆங்கிலேயர் சொல்வர். வேறு தாள் செய்யலாம் என்று முதியவர் சட்டத்தை நீட்டினார். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மருமகளுக்குச் சொல்லவில்லை, நேயர்களுக்குச் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டை நாம் எவரும் மறந்திலோம். அந்நியச் செலாவணி இன்மையாற் கடதாசி இறக்குமதி தடைப்பட்டது. மேல் மாகாணத்திலே மார்ச்சு மாதத் தவணைப் பரீட்சைகள் கடதாசியும் மையும் இல்லாமையாற் பிற்போடப்பட்டன. கொப்பியின் விலை ஏழை வீடுகளுக்கு எட்டாததாயிற்று. அந்நாட்களில் என் ஒன்பதாந்தர வகுப்பிலே ஒரு மாணவன், கோயில் திருவிழா விஞ்ஞாபனங்களின் எழுதாத பக்கங்களைச் சேர்த்து நூலாற் கட்டி, அதிலே கட்டுரை எழுதிக் கொண்டு வந்தான். நான் அதைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன, கச்சான் சுருளோ?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் தலை குனிந்து நின்றான். இரண்டு நாட்கள் வரவில்லை. மூன்றாம் நாள் புதிய கொப்பியொன்றுடன் வந்தான். அதைத் திருத்த எடுத்தபோது கண்டேன்: ஒவ்வொரு கோட்டு இடைவெளியிலும் இரண்டு வரிகள், ஓரம் விடவில்லை, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. அந்தக் கொப்பி எப்படி வாங்கப்பட்டதென்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவிருக்கவில்லை.

இதில் எனக்கு மன்னிப்பில்லாத இடம் ஒன்றுண்டு. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளின் முற்பகுதியில் நான் யாழ்ப்பாணத்திலே பள்ளி மாணவன். பத்திரிகையே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம் அது. பழைய கணக்குப் பேரேட்டின் பின்பக்கத்திலே நான் எழுதிய விடைகளை என் ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமல் திருத்தித் தந்தார். அதை நான் எப்படி மறந்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

ஆலையின் மேல் மாடிகளிலே இறகுப் பேனையால் எழுதலாம்; அச்செழுத்து வார்ப்பதைப் பார்க்கலாம்; எழுத்துக் கோத்து அச்சடிக்கலாம். மருமகள் தன் பெயரை உரோம எழுத்திற் கோத்தாள். எழுத்துகள் இடவலம் மாறி நிற்பதைக் கண்டு வியந்தாள். இறகுப் பேனையால் அதே பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினேன். அவள் பார்த்து எழுதினாள். நம் வாயில் வழங்கும் 'கடதாசி' போர்த்துக்கேயர் வழி வந்த சொல்லென்றும், 'காகிதம்' பாரசீகர் வழி வந்ததென்றும் அவளுக்குச் சொன்னேன். "அப்ப தமிழில என்ன, மாமா?" என்றாள். "தாள், ஏடு" என்றேன்; இரண்டும் செடிகொடியைச் சார்ந்த சொற்களாய் இருப்பது அப்போதுதான் எனக்குத் தோன்றிற்று.

பழைய கந்தைக் கடதாசியைப் பற்றி இன்னொன்று. ஐந்நூறு ஆண்டு கடந்த அத்தாள்கள் இன்றும் வெளிறாது, நொறுங்காது இருக்கின்றன. எங்கள் கல்லூரி நூலகத்திலே நூறாண்டு கூட ஆகாத தமிழ் நூல்கள் பழுத்து, புரட்டும்போதே உதிர்கின்றன. மரக்கூழும், அதில் மை பரவாதிருக்கச் சேர்த்த படிகாரமும் காலப்போக்கில் உண்டாக்கும் அமிலமே காரணம். வாழைச்சேனையிலே வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்த நம் ஆலை, நல்ல நிலையில் நடந்த நாட்களை மூத்த ஆசிரியர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்வர். அதைப் பற்றித் தனியே ஒரு கிழமை எழுத வேண்டும்.

என் தாளை அழுத்திக் காய வைத்துத் தந்தார்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியின் அடியில் ஊர் கொண்டு வந்தேன்.

அம்மாணவன் எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பிலே பயின்று வந்தான். ஒரு நாள் இடைவேளையில் அவனை ஆசிரியர் அறைக்கு அழைத்து, "இது நான் செய்தது. உனக்குத்தான்" என்று அத்தாளைக் கொடுத்தேன். அந்த விஞ்ஞாபனக் கொப்பியைப் பற்றிப் பேச வாயெடுத்தேன், சொல் வரவில்லை. அவன் தாளை யன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தான். நடுவிலிருந்த வட்ட வடுவை விரலாற் தடவினான்.

"இது என்ன, சேர்?"

"என்னுடைய பிழை" என்றேன்.

அவன் சிறிது நேரம் நின்றான். பின், தாளை மடிக்காமல், தன் பௌதிகப் புத்தகத்தின் நடுவே வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான்.